மூன்று நவம்பர், ஒரு மான்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 ஒரு பண்டிகை நாள் மாதிரி. நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்காது, அவ்வளவுதான். துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் வருஷா வருஷம் அந்தத் தேதியில்தான் தொடங்கும். செவ்வாயானாலும் சரி, ஞாயிறானாலும் சரி. 30ஆம் தேதியோடு முடிந்துவிடும். நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அன்றைக்குப் பாதி ஆட்கள்தான் இருப்பார்கள். சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பதினொரு வருஷம் கழித்து நானும் அந்தப் பாதியில் ஒருவனாகிவிட்டேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டூல்மேக்கர். எழுபதைத் தாண்டியவர். ஒரு பனிக்காலத்தில் அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தேன் என்று ஒரு பொட்டலம் மான்கறி கொடுத்தார். அதை மிளகு போட்டு வறுத்து அவருக்கே கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே ஆரம்பித்தது. ஊரில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நான் வளர்ந்த காலத்தில் மானைக் கூண்டுக்கு வெளியே பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். இங்கே நிலைமை வேறு. சோளமும் சோயாவும் விளையும் தென் மிச்சிகனில் வெள்ளைவால் மான் ஏராளம். அதைத் தின்ன ஓநாய் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் வாரம் ஒன்று செத்துக் கிடக்கும்.

எச்-1பி விசாவில் இருந்தவரை நான் துப்பாக்கி பக்கமே போகவில்லை. அந்த விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனாலும் நமக்கு எதற்கு வம்பு என்று கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் பாதுகாப்பு வகுப்பு. 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் அந்த வகுப்பை முடித்தால்தான் மிச்சிகனில் முழு உரிமம். என்னோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. கேள்விக்கெல்லாம் அவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள்.

மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவதா, தரையில் கூடாரம் போட்டு உட்காருவதா? இங்கே பெரும்பாலானவர்கள் மரத்தில் ஏறுவார்கள். மேலே இருந்தால் பார்வை விரியும், நம் வாசனையும் மானின் மூக்குக்கு மேலாகப் போக வாய்ப்புண்டு. என் தாத்தா சிறுமலை அடிவாரத்தில் கடலைக் காட்டுக்குப் பரண் போட்டுக் காட்டுப்பன்றி விரட்டியவர். அந்தப் பரணில் எட்டு வயதில் ஏறி, இறங்கத் தெரியாமல் அழுதவன் நான். உயரம் எனக்கு ஆகாது. மரத்திலிருந்து விழுவதுதான் மான் வேட்டைக்காரர்களுக்கு வரும் பெரிய விபத்துகளில் ஒன்று என்று வகுப்பில் சொன்னபோது முடிவு செய்துவிட்டேன். தரைதான். இதை இங்கே பிளைண்டு என்பார்கள். குடை மாதிரி விரியும் துணிக் கூடாரம், உள்ளே முழுக்கக் கறுப்பு, நான்கு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல்கள். நூறு டாலரிலிருந்து கிடைக்கும். நான் வாங்கியது கொஞ்சம் கூடுதல் விலை. அதனால் ஒன்றும் கூடுதலாக நடந்துவிடவில்லை.

இடம் கிளிண்டன் கவுண்டியில் ஒரு பண்ணை. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. நாங்கள் இருக்கும் நோவையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். டூல்மேக்கருக்கு நாற்பது வருஷப் பழக்கம் உள்ள விவசாயி. இங்கே பிறர் நிலத்தில் அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்குதான். அதனால் முதலில் நேரில் போய் நின்று கேட்டேன். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: "கொம்பு தேடி வராதே. பெண்மானை எடு. என் சோயாவைத் தின்பது அதுதான்."

முதல் நவம்பர், 2022. பருவம் தொடங்க இரண்டு நாள் முன்னால் போய்க் கூடாரத்தைப் போட்டேன். சோளம் அறுத்த வயலும் தோப்பும் சேரும் ஓரத்தில், பளிச்சென்று வெட்டவெளியில். 15ஆம் தேதி விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தச் சமயத்தில் இங்கே சூரியன் உதிக்க ஏழரை ஆகிவிடும். உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம். எல்லாப் பக்கமும் பார்க்கலாமே என்று நான்கு பக்க ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். நம் ஊர் வீடு என்ற நினைப்பு, காற்றோட்டம் வேண்டும் பாருங்கள்.

ஏழே முக்காலுக்கு ஒரு பெண்மான் தோப்பிலிருந்து வந்தது. அறுபது கஜம் இருக்கும். நேராகக் கூடாரத்தைப் பார்த்தது. தலையைக் கீழே இறக்கி மேய்வது போலப் பாவனை செய்து, சட்டென்று தூக்கி மறுபடி பார்த்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நான் துப்பாக்கியை மெல்லத் தூக்கினேன். மூக்கால் 'புஸ்ஸ்' என்று ஒரு சீறல், வெள்ளை வால் கொடி மாதிரி நிமிர்ந்தது, போயே போய்விட்டது. அந்தச் சீறலைக் கேட்டு, நான் பார்க்காத இன்னும் இரண்டு மான்கள் தோப்புக்குள் ஓடும் சத்தம் வந்தது.

அன்று மதியம் டூல்மேக்கர் வந்து பார்த்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு வயலில் அந்த மான் நின்ற இடத்தில் போய் நின்றார். பிறகு இடம் மாறி, என்னை அங்கே நிற்க வைத்து அவர் உள்ளே உட்கார்ந்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. முதுகுப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் அவர் தலையும் தோளும் பொம்மலாட்டத் திரையில் தெரிவது போல அப்படியே தெரிந்தன. கை அசைந்தால் அதுவும் தெரிந்தது. பின்பக்க ஜன்னல்களை மூடி, முன்னால் ஒன்றை மட்டும் பாதி திறந்ததும் ஆள் காணாமல் போனார். கறுப்புச் சதுரம் ஒன்றுதான் மிச்சம். கூடாரத்தில் நம்மை மறைப்பது துணி இல்லை, உள்ளே இருக்கும் இருட்டு. அந்த இருட்டை நானே நான்கு ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டைக் காப்பாற்ற இன்னும் சில வேலை உண்டு. ஜன்னலை ஒட்டி உட்காரக் கூடாது, பின்சுவரை ஒட்டி உட்கார வேண்டும். இலை தழை அச்சடித்த உடுப்பு உள்ளே வீண். கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை போதும். டூல்மேக்கர் முகத்துக்குக் கரி பூசிக்கொள்வார். எனக்கு அந்தச் செலவு இல்லை என்று சொன்னேன், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் திணறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆரஞ்சு நிறச் சட்டம் பற்றி ஒன்று. துப்பாக்கிப் பருவத்தில் மிச்சிகனில் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையோ தொப்பியோ கட்டாயம். கூடாரத்துக்குள் இருந்தாலும் கட்டாயம். மானுக்கு அது தெரியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகைதான்; ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாகத்தான் இருக்கும். நீலம்தான் நன்றாகத் தெரியும். வெளுப்பைக் கூட்டும் சலவைத்தூளில் துவைத்த துணியும் அப்படித்தான் அதற்கு மினுங்கும். ஆகவே ஆரஞ்சால் மான் ஓடாது, அசைந்தால் ஓடும். ஆனால் கூடாரத்துக்குள் நீங்கள் போட்டிருக்கும் ஆரஞ்சு மற்ற வேட்டைக்காரருக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. நான் கூடாரத்தின் உச்சியிலும் நான்கு பக்கமும் ஆரஞ்சுத் துணி கட்டிவிடுவேன்.

அந்த வருஷம் மீதி நாட்களிலும் ஒன்றும் வாய்க்கவில்லை. கூடாரமே அந்த இடத்துக்குப் புதிது. டூல்மேக்கர் கேட்டார்: "உன் வீட்டுக் கூடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பீரோ முளைத்திருந்தால் காலையில் எழுந்து கவனிக்க மாட்டாயா?" மானுக்கு அந்த வயல் ஓரம்தான் வீட்டுக் கூடம்.

இரண்டாம் நவம்பருக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே போட்டாயிற்று. இம்முறை வெட்டவெளியில் இல்லை. தோப்பின் ஓரத்தில், இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே, முதுகை ஒரு புதருக்குக் கொடுத்து. சோளத்தட்டையும் காய்ந்த கிளைகளும் கொண்டுவந்து சுற்றிலும் சாத்தினேன். கூரையின் விளிம்பு நேர்கோடாகத் தெரியாதபடி மேலேயும் போட்டேன். காட்டில் நேர்கோடு கிடையாது. உள்ளே தரையில் இருந்த சருகையெல்லாம் கையால் அள்ளி வெளியே போட்டு வெறும் மண் ஆக்கினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்து மான் வரும் நேரத்தில் கால் மாற்றினால் ஒரு சருகு போதும் காட்டிக் கொடுக்க. கயிறு கட்டி ஆணி அடிப்பதும் அப்படித்தான். நவம்பர் காற்று இந்தக் கூடாரத்தைப் பட்டமாக்கிவிடும். பத்து அங்குல ஆணி அடித்தும் ஒரு முறை பாதி சாய்ந்து கிடந்தது. பனி பெய்தால் போய்த் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கூரை உள்வாங்கி, கம்பி முறிந்துவிடும்.

இடம் பார்ப்பதில் காற்றைவிட முக்கியமாக நான் ஒன்றைச் சொல்வேன், ஏனென்றால் மரத்தில் உட்காருபவர்கள் இதை அதிகம் யோசிப்பதில்லை. மேலேயிருந்து சுட்டால் குண்டு கீழ்நோக்கிப் போய் மண்ணில் புதையும். தரையில் உட்கார்ந்து சுடும்போது குண்டு கிடைமட்டமாகப் போகும். மானைத் தாண்டினால் அது எங்கே போய் நிற்கும்? அடுத்த பண்ணை வீடா, சாலையா, இன்னொருவர் கூடாரமா? எங்கள் வயலின் வடக்கே ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டைப் பின்னணியாக வைத்துத்தான் என் முன்ஜன்னலின் திசையை முடிவு செய்தோம். கிழக்கு ஜன்னல் வழியாக விவசாயியின் களஞ்சியம் தெரியும். அதை உள்ளே இருந்து கொக்கி போட்டு நிரந்தரமாக மூடிவிட்டேன். அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய கொம்பன் வந்தாலும் அது எனக்கில்லை.

காற்று விஷயத்தில் ஒரு தமிழ் வீட்டுக்காரனுக்கு இருக்கும் சங்கடம் டூல்மேக்கருக்குத் தெரியாது. என் வேட்டை ஜாக்கெட் சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காரில் ஏறியதும் அவர் மூக்கை உறிஞ்சி, "இது என்ன வாசனை?" என்றார். பெருங்காயமும் கடுகும் தாளித்த வாசனை. எனக்கு அது தெரியக்கூட இல்லை. மனிதருக்கே இப்படி என்றால் மானுக்கு? அதிலிருந்து வேட்டை உடுப்பு எல்லாம் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், கராஜில். கூடாரத் துணி வாசனையை அடைத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மான் வரும் திசையிலிருந்து நம்மை நோக்கிக் காற்று வர வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மேலே எழும்பும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் காலையில் சரியாக இருக்கும் இடம் மாலையில் தப்பாகிவிடலாம். காற்று ஒத்துவராத நாளில் அங்கே உட்காராமல் வீட்டுக்குத் திரும்புவதுதான் உத்தமம். ஒரு தடவை மோப்பம் பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

இவ்வளவும் செய்தேன். மானும் வந்தது. பருவத்தின் நான்காவது நாள், எண்பது கஜத்தில், பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியை மூன்று கால் தாங்கியில் வைத்து, அதன் மேலுள்ள ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியில் பார்த்து, மூச்சை விட்டு, சுட்டேன். காது அடைத்துப் போயிற்று. மூடிய கூடாரத்துக்குள் வெடிச்சத்தம் மண்டைக்குள் வெடித்தது போல இருந்தது. காதுக் கவசம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, மான் வந்த பரபரப்பில் மாட்ட மறந்திருந்தேன். இரண்டு நாள் ரீங்காரம் நிற்கவில்லை. மான் ஒரு துள்ளு துள்ளி, சுற்றிப் பார்த்துவிட்டு, நடந்தே போனது.

ஜன்னலுக்குக் கீழே துணியில் ஒரு ஓட்டை. ஓரம் கருகியிருந்தது.

விஷயம் இதுதான். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் பார்க்கும்போது ஜன்னல் விளிம்பைத் தாண்டி வயல் தெளிவாகத் தெரிந்தது. குழலோ விளிம்புக்குக் கீழே துணியைப் பார்த்து நின்றது. நான் சுட்டது என் கூடாரத்தைத்தான். குண்டு விலகி எங்கே போனதோ, மேட்டில்தான் புதைந்திருக்க வேண்டும். மானுக்கு அடி பட்டிருக்குமோ என்ற சந்தேகம் போகாமல் இரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தேடினேன். ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு மயிர் இல்லை. டூல்மேக்கரிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "நானும் ஒரு முறை பண்ணியிருக்கிறேன்," என்றார். பிறகு இருவருமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஆராய்ந்தோம். மடக்கு நாற்காலி, தாழ்வு. அதில் உட்கார்ந்தால் கண் ஜன்னல் விளிம்பின் மட்டத்தில் இருக்கும். துப்பாக்கியை உயர்த்த இடமே இல்லை. மூன்று அங்குலம் உயரமான, சத்தம் போடாமல் சுழலும் முக்காலி ஒன்று வாங்கினேன். இப்போது கூடாரம் போட்ட அன்றே, குண்டு இல்லாத துப்பாக்கியோடு உள்ளே உட்கார்ந்து, திறக்கப் போகும் ஒவ்வொரு ஜன்னலிலும் குறி வைத்துப் பார்க்கிறேன். குழல் நுனி துணிக்கு வெளியே இருக்கிறதா என்று இன்னொருவர் வெளியே நின்று சொல்ல வேண்டும்.

ஓட்டையை ஆரஞ்சு டேப்பால் ஒட்டினேன்.

மூன்றாம் நவம்பர், 2024. 15 வெள்ளிக்கிழமை. நான் 16ஆம் தேதி சனிக்கிழமை போவதாக முடிவு செய்தேன், காரணம் என் மகள். பதினோரு வயது. தானும் வருகிறேன் என்று ஒரு மாதமாகப் பிடிவாதம். அதே 16ஆம் தேதி கார்த்திகை ஒன்று. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் அன்று காலையில் மாலை போட இருந்தார். இருபத்திரண்டாவது வருஷம், குருசாமி. "மாப்பிள்ளை, நீங்க போறதைப் போங்க, எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டுவந்துராதீங்க," என்றார். "சரி மாமா," என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வை வேறு.

குழந்தையோடு போக இந்தக் கூடாரத்தை விட்டால் வேறு வழியில்லை. மரத்தில் பதினோரு வயதுப் பெண் நான்கு மணி நேரம் அசையாமல் இருக்க முடியாது, தரையில் துணிக்குள் கொஞ்சம் நெளியலாம், மூக்கைத் துடைக்கலாம். குளிருக்கு பிரொபேன் ஹீட்டர் வைப்பவர்கள் உண்டு. காற்றோட்டம் இல்லாமல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும் என்பதால் நான் வைப்பதில்லை. கம்பளியும் ஃபிளாஸ்க்கில் சுடுபாலும் போதும். தின்பண்டத்தில்தான் எனக்கு அனுபவம் அதிகம். முதல் வருஷம் முறுக்கு கொண்டுபோனேன். உலகத்திலேயே வேட்டைக்கு ஆகாத பலகாரம் அதுதான். சிப்ஸ் பாக்கெட் அதற்கு அடுத்தது. இம்முறை பொடி தடவிய இட்லி, துணியில் சுற்றி. கடித்தாலும் சத்தமில்லை, கீழே விழுந்தாலும் சத்தமில்லை. ஒட்டுப்பட்டை வைத்த ஜன்னலைப் போனவுடன் திறந்துவிட வேண்டும், மான் வந்த பிறகு 'டர்ர்' என்று கிழித்தால் கதை முடிந்தது. பேச்சுக்குப் பதில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: என் முழங்காலில் ஒரு தட்டு என்றால் மான், இரண்டு தட்டு என்றால் ஒண்ணுக்கு.

உட்கார்ந்ததும் திறந்த ஜன்னல் வழியாகத் தெரிவதை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். எட்டரை மணி வரை இரண்டு தட்டு ஒரு தடவை வந்தது, அதற்கான ஏற்பாட்டை முடித்தோம். ஒன்பதுக்கு முன்னால் ஒரு தட்டு. எனக்குத் தெரியவில்லை. கூடாரத்தின் குறை அது, ஜன்னலுக்கு நேரே இருப்பதுதான் கண்ணில் படும். அவள் உட்கார்ந்திருந்த கோணத்தில் தோப்பின் மேற்கு மூலை தெரிந்திருக்கிறது. மூன்று பெண்மான்கள். மெல்ல மெல்ல வயலுக்குள் வந்தன. பெரியது எழுபது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது, பின்னால் மேடு. நான் ஒரு கையால் என் காதுக் கவசத்தை இழுத்து மாட்டினேன், அவளும் மாட்டிக்கொண்டாள். முன்காலின் தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் குறி. அங்கேதான் நுரையீரலும் இதயமும்.

மான் பின்னங்காலை உதைத்துத் துள்ளி, தாழ ஓடித் தோப்புக்குள் மறைந்தது. மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, அதுக்குக் குட்டி இருக்குமா?"

இருக்கும் என்றுதான் சொன்னேன். மே, ஜூனில் பிறந்திருக்கும், இப்போது பால் மறந்து தானாக மேயும், கூட வந்த இரண்டில் ஒன்று அதுவாகவே இருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். உடனே பின்னால் போனால் அடிபட்ட மான் எழுந்து ஓடும், விட்டால் படுத்துவிடும்.

அந்தப் படம் இப்போதுதான் தேவைப்பட்டது. கூடாரத்திலிருந்து வெளியே வந்து நின்றதும் திசை குழம்பிவிடும். உட்கார்ந்து பார்த்தபோது மான் நின்ற இடம் 'அந்தச் செடிக்குப் பக்கம்'. எழுந்து பார்த்தால் அதே மாதிரி நூறு செடி. மகள் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து, படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்து, இடது, இன்னும் இடது என்று கையைக் காட்ட, நான் அந்த இடத்தைப் போய்ச் சேர்ந்தேன். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம். நுரையீரல்தான். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலில் பட்டிருக்கும், நான்கு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பச்சையாக, தின்ற தழையோடு கலந்து இருந்தால் குடலில் பட்டது, அரை நாள் காத்திருக்க வேண்டும். பார்த்த இடத்திலெல்லாம் ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டே போனோம். எண்பது கஜத்தில் ஒரு விழுந்த மரத்தடியில் கிடந்தது.

உரிமத்தோடு வரும் சீட்டை முதலில் மானில் கட்ட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மானை எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும். குடலெடுப்பதை அங்கேயே செய்தேன். ரப்பர் கையுறை, சின்னக் கத்தி. மல்லாக்கப் படுக்கவைத்து, தோலை மட்டும் கீறி, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கிழிக்க வேண்டும். இரைப்பையும் மூத்திரப்பையும் ஓட்டையாகிவிட்டால் கறி கெட்டுப்போகும். ஊரில் கோழியோடு என் அனுபவம் முடிந்திருந்தது, ஆனால் கறிக்கடை பாயிடம் நின்று பார்த்து வளர்ந்தது வீண் போகவில்லை. ஈரல், இதயம் தனியாக எடுத்தேன். மகள் முதலில் திரும்பி நின்றாள், அப்புறம் வந்து, "இதுதான் நுரையீரலா?" என்று குண்டு போன வழியைப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்கிறாளாம்.

குண்டு செம்புக் குண்டு. ஈயக் குண்டு உடைந்து துகள் துகளாகக் கறிக்குள் பரவும். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம். தென் மிச்சிகனின் இந்தப் பகுதியில் நெடுந்தூரம் பாயும் ரைஃபிள்களுக்கு அனுமதி இல்லாததால் நான் வைத்திருப்பது 350 லெஜண்ட் என்ற தோட்டா போடும் துப்பாக்கி. அந்தத் தோட்டா செம்பிலும் கிடைக்கிறது, உதையும் குறைவு.

தலையைச் சோதனைக்குக் கொடுத்தேன். சிடபிள்யூடி என்று மானின் மூளையைத் தின்னும் ஒரு நோய் இருக்கிறது. மிச்சிகனின் காட்டு மான்களில் அது முதலில் தெரியவந்தது 2015இல், பக்கத்து இங்ஹாம் கவுண்டியில். கிளிண்டனிலும் உண்டு. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அதைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது. இதற்காகத்தான் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பம் முழுக்க மானுக்குத் தீனி கொட்டி வரவழைப்பதை 2019லிருந்து தடை செய்திருக்கிறார்கள், ஒரே இடத்தில் வாய் வைத்தால் பரவும் என்று. முதுகெலும்பை வாளால் அறுக்காமல், எலும்பிலிருந்து கறியைப் பிரித்தே எடுத்தோம். முடிவு வரும்வரை ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

வைத்திருந்தாலும் எங்கே வைத்துத் தின்பது? வீட்டில் சாமி சரணம். முப்பது பொட்டலம் கறியும் டூல்மேக்கர் வீட்டு ஃப்ரீசருக்குப் போயிற்று. விவசாயிக்கு ஒரு பின்தொடை. அன்று வீடு திரும்பியபோது மாமனார் கறுப்பு வேட்டியில், கழுத்தில் துளசி மாலையோடு, வாசலில் நின்றிருந்தார். நானும் கறுப்புச் சட்டையில். இருவரும் ஒருவரை ஒருவர் மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டோம். நேராகக் கராஜ் வழியாகப் போய்க் குளித்தேன்.

இரண்டு வாரத்தில் சோதனை முடிவு வந்தது, நோய் இல்லை. டூல்மேக்கர் வீட்டிலேயே முதல் பொட்டலத்தைப் பிரித்தோம். மான் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். வெள்ளாட்டுக் கொழுப்பு போல நினைத்து அதை விட்டுவைத்தால் கறியே பிடிக்காமல் போய்விடும். கொழுப்பையும், வெள்ளி மாதிரி மின்னும் சவ்வையும் கடைசி இழை வரை உரித்துவிட வேண்டும். முதுகுக்கறியை மெல்லியதாக வெட்டி, நல்லெண்ணெயில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, அடுப்பில் ஐந்து நிமிஷம். அதற்கு மேல் வைத்தால் செருப்புத் தோல்தான். கழுத்துக்கறி நேர்மாறு, குக்கரில் எட்டு விசில் விட்டாலும் பொறுக்கும், குழம்புக்கு அதுதான். டூல்மேக்கர் தட்டை வழித்துவிட்டு, ஐம்பது வருஷமாக இதைத் தப்பாகச் சமைத்திருக்கிறேன் என்றார்.

ஜனவரியில் மகரஜோதி முடிந்து மாமனார் மாலையைக் கழற்றினார். பொங்கலுக்கு மறுநாள் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்பிள்ளை, அந்தத் தாத்தா வீட்டுப் பெட்டியில இருந்தது… இன்னும் இருக்கா?"